பழைய கேமராவும் இருநூற்று நாற்பது பச்சைச் சேலைகளும்

ஜனவரி 1, புதன்

புது டைரி. பென்ஷனர் சங்கத்தில் கொடுத்தார்கள். தாள் நன்றாக இருக்கிறது, ஆனால் கோடு போட மறந்துவிட்டார்கள். இந்தக் காலத்து அச்சகங்களின் லட்சணம் இவ்வளவுதான். பரவாயில்லை. முப்பத்தாறு வருடம் ரயில் இன்ஜின் ஓட்டியவனுக்குக் கோடு எதற்கு? நேராகத்தான் போவேன்.

காலை 5.40க்கு எழுந்தேன். பால் வாங்கினேன். பாத்திரம் கழுவினேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பாத்திரம் என் இலாகா. பளபளவென்று இருக்கிறது என்று வசந்தாமணி ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை.

வேறொன்று சொன்னாள். ஆறு மாதமாகச் சாயங்காலத்தில் எங்கள் கொல்லம்பாளையம் பெண்களோடு சேர்ந்து வள்ளி கும்மி பழகுகிறாள். அதற்கு மார்ச் ஒன்பதாம் தேதி அரங்கேற்றமாம். புங்கம்பாளையம் கோயில் மைதானத்தில் இருநூற்று நாற்பது பெண்கள் ஆடுகிறார்களாம்.

"அன்னைக்கு என்னைய ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, போதுமுங்க."

"எடுத்துட்டாப் போச்சு. நம்ம கேமரா எதுக்கு இருக்குது?"

"அந்தக் கேமராவுல நூத்திப் பதினெட்டு இன்ஜின் இருக்குதுங்க. எண்ணிப் பாத்துட்டேன். நான் ஒருத்தி இல்லீங்க."

இது அபாண்டம். 2011இல் கரூர் ஜங்ஷனில் எடுத்த படத்தில் அவள் கை இருக்கிறது, டிபன் தூக்கோடு.

ஜனவரி 4, சனி

கேமராவை எடுத்துத் துடைத்தேன். 2008இல் வாங்கியது. வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு, சட்டைப் பையில் அடங்கும். எட்டு மெகாபிக்சல். வாங்கிய காலத்தில் இன்ஜின் ஷெட்டில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மேலே கண் வைத்துப் பார்க்கச் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. பின்னால் திரையும் உண்டு.

வசந்தாமணியைத் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பதினொரு படம் எடுத்தேன். திரையில் பார்த்தால் பதினொன்றும் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரி இருக்கின்றன.

"நல்லாத்தானுங்க இருக்குது. மூக்குத்திகூடத் தெரியுதுங்க," என்றாள்.

தன் முகம் என்றால் யாருக்கும் நன்றாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் அழித்தேன். கேமராவுக்கு வயதாகிவிட்டது. புதிது வாங்க வேண்டியதுதான்.

கோயமுத்தூரிலிருந்து மகள் சுகந்தி போனில் பேசினாள். "போன்லயே எடுங்கப்பா, இப்ப யாரு கேமரா வாங்கறாங்க," என்றாள். போன் பேசுவதற்கு. அந்த வித்தியாசம் இவர்கள் தலைமுறைக்குத் தெரியாது.

ஜனவரி 7, செவ்வாய்

மணிக்கூண்டு பக்கத்தில் இஸ்மாயில் கடை. என் கேமராவையே அவர் அப்பாவிடம்தான் வாங்கினேன். மூன்று மாடல் காட்டினார். ஒன்று கறுப்பு, நாற்பது மடங்கு இழுத்துக் காட்டுமாம். ஒன்று சிவப்பு, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். மூன்றாவது, எடுத்த படத்தைத் தானாகவே போனுக்கு அனுப்பிவிடுமாம். இருபது மெகாபிக்சலுக்குக் குறைந்து எதுவும் இல்லை.

மூன்றிலும் அவரையே படம் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் அதே பனி.

"இருபது மெகாபிக்சல்னு சொல்றீங்க, உங்க மூஞ்சியே தெரியலைங்களே," என்றேன்.

இஸ்மாயில் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கேமராவை மூக்கருகே வைத்துப் பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "அம்மாவையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க சார்," என்றார். வாங்குகிறவன் நான். அம்மா எதற்கு?

இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். பதினேழு வருடத்தில் எட்டு இருபதாகியிருக்கிறது, படம் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 8, புதன்

ட்யூப் லைட் மாற்றினேன். புதியதும் மங்கல்தான்.

ஜனவரி 11, சனி

மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் போனோம். வசந்தாமணிக்குக் கொஞ்ச நாளாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகப் படிக்கிறாள். "எட்டாம் நம்பர் வருதுங்க, சென்னிமலை." "படி ஒண்ணு ஒடஞ்சிருக்குதுங்க." "எதுக்க நம்ம கோவிந்தசாமி அண்ணன் வர்றாருங்க, சிரிக்கறாரு." பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி இருக்கிறது. நான் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சத்தமாகச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. இன்ஜினில் சிக்னல் தெரிந்ததும் உதவி டிரைவர் கூப்பிட்டுச் சொல்லுவான், "பச்சை." டிரைவர் அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும், "பச்சை." இரண்டு பேரும் சொன்னால்தான் கணக்கு. டிரைவர் திரும்பச் சொல்லவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம், உதவியாள் எழுந்து பிரேக்கைப் போட வேண்டும். விதி அப்படி. என் சர்வீஸில் ஒரு முறைகூட எனக்காக யாரும் பிரேக் போட்டதில்லை.

கண் பரிசோதனையில் முப்பத்தாறு வருடமும் ஏ-ஒன். எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் யாராவது கேட்டால் பயன்படும்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். செய்தித்தாளில் மை போதவில்லை. ஆசிரியருக்குக் கண்டித்துக் கடிதம் எழுதினேன். முகவரி மட்டும் வசந்தாமணி எழுதினாள்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று வெற்றி.

கும்மிக்காரர்கள் முதல் தடவையாகச் சேலை கட்டி ஒத்திகை பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே பச்சைச் சேலை, சிவப்பு ரவிக்கை. இஸ்மாயிலிடம் அந்த நாற்பது மடங்கு கறுப்புக் கேமராவை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிப் போனேன். மைதான ஓரத்தில் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டேன்.

இருநூற்று நாற்பது பேரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், குனிகிறார்கள், கை தட்டுகிறார்கள். புதியவன் என்றால் திணறிப்போவான். எனக்கு இது பழக்கம். ஜோலார்பேட்டை யார்டுக்குள் நுழையும்போது பத்து சிக்னல் ஒரே நேரத்தில் கண்ணில் விழும். அத்தனையும் பச்சையாக இருந்தாலும் நம் லைனுக்கு உரியது எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அடுத்தவன் பச்சையை நம்பிப் போனால் தொலைந்தோம்.

வசந்தாமணியை இரண்டாவது வரிசையில் பிடித்தேன். உயரம், கொண்டை, நடை எல்லாம் சரி. இழுத்து வைத்து நாற்பத்து மூன்று படம் எடுத்தேன். முதல் முறையாகத் திரை நிறைய வந்திருக்கிறாள். நாளை இரண்டைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பிரிண்டுகளைக் கொடுத்தேன். வசந்தாமணி வெகுநேரம் பார்த்தாள். நான் தோசைக்குச் சட்னி அரைப்பதாகக் காட்டிக்கொண்டு அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"போட்டோ நல்லா வந்திருக்குதுங்க," என்றாள்.

"பின்ன?"

"ஆனா இது நானில்லீங்க. இது பெருந்துறை சம்பூர்ணம்."

நாற்பத்து மூன்றும் சம்பூர்ணமாம். நடுவில் ஒன்றுகூட மாறவில்லையாம். அந்த உறுதியை மட்டும் பாராட்டினாள். சம்பூர்ணத்துக்கு ஒரு காப்பி கொடுத்துவிடலாம், அவள் வீட்டுக்காரர் இவ்வளவு அக்கறையாக எடுத்திருக்க மாட்டார் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்து போய்க் கொஞ்சநேரம் அடுப்படியில் இருந்தாள். அங்கே வேலை ஒன்றும் இல்லை. சட்னியை நான்தானே அரைத்துக்கொண்டிருந்தேன்.

கேமராவில் ஜூம் அதிகமாக இருந்தால் இப்படித்தான் ஆகும். கறுப்பு மாடல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

"ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வரலாமுங்க," என்றாள்.

"கேமரா வாங்கறதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? நான் ஏ-ஒன்."

மத்தியானம் ஏனோ குப்புராஜ் நினைவு வந்தது. என்னோடு சர்வீஸில் சேர்ந்தவன். நாற்பத்தெட்டு வயதில் கண் பரிசோதனையில் தவறிவிட்டான். இன்ஜினிலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்கார வைத்தார்கள், துடைக்கிற துணியும் ஆணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து நிற்பான். நாங்கள் கை காட்டுவோம். எந்த வண்டி, யார் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது, ஆனாலும் திருப்பிக் காட்டுவான். அவனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. அதாவது, அவனுக்காக.

பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இஸ்மாயில் புது மாடல் இரண்டு இறக்கியிருக்கிறார், நானும் வருகிறேன் என்று வசந்தாமணி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோ மணிக்கூண்டுக்குப் போகவில்லை. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது.

"எறங்குங்க."

"இங்க எங்க கேமரா?"

"உள்ளாற இருக்குதுங்க."

உள்ளே இலவசக் கண் முகாம். திரும்பிப் பார்த்தால் ஆட்டோ போய்விட்டது. அவளையும் காணோம். என் பெயரைப் பதிவு செய்யும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

சரி, ஏ-ஒன் யார் என்று காட்டிவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். இதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது, இங்கே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். ரயில்வே ஆஸ்பத்திரியில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மேலிருந்து கீழ் எட்டு வரி. சேர்ந்த முதல் மாதமே சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தக் காலத்தில் அது தேவைப்பட்டதில்லை. கடைசி இரண்டு பரிசோதனையில் லேசாகக் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

பரிசோதிக்கிற பெண் என் இடது கண்ணை மறைத்தது. "படிங்க ஐயா," என்றது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து எட்டு வரியையும் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தேன்.

அது ஒரு முறை திரும்பிச் சுவரைப் பார்த்தது.

"ஐயா," என்றது அந்தப் பெண், "கரண்டு இப்பத்தான் வருதுங்க. எழுத்துப் பெட்டியில இன்னும் லைட் போடலீங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வசந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் பொது இடத்தில் அவள் அப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

லைட் போட்டார்கள். மேல் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து இருப்பது தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம். வலது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன், பிப்ரவரி ஆறாம் தேதி. "ஒரு வருசத்துக்கு மேலயே மங்கலா இருந்திருக்குமே, உங்களுக்குத் தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார்.

தெரியும். தெரியாமல் இருக்குமா?

பிப்ரவரி 5, புதன்

நாளைக்கு. பத்து நிமிட வேலை என்கிறார்கள். பயம் ஒன்றும் இல்லை. பாத்திரத்தை இரண்டு முறை கழுவினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். டைரியில் கோடு இருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

மூன்று நாளாக வீட்டையே சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது கண்ணை மூடினால் அடுப்படிச் சுவர் வெள்ளை, வலதை மூடினால் பழுத்த காகிதம். டம்ளர்களின் அடியில் டீக் கறை வளையம் வளையமாக இருக்கிறது. நான் கழுவியது. "தெனமும் நீங்க தூங்குனப்பறம் நான் ஒருக்கா கழுவீருவனுங்க. இந்த மூணு நாளாத்தான் விட்டுட்டேன், பாக்கட்டும்னு," என்றாள்.

வசந்தாமணிக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு நரைமுடி தனியாக விழுகிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன ஆடியிலிருந்து என்றாள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இன்று இந்த டைரியைப் புரட்டினேன். என் எழுத்து கோட்டை விட்டு இறங்கி, பக்கத்துக்கு மூன்று இடத்தில் தண்டவாளம் மாறிப் போயிருக்கிறது. அது போகட்டும். ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் பக்கத்தில்: "கோடு இருக்குதுங்க."

நாலாம் தேதிக்குப் பக்கத்தில்: "பதினொண்ணும் நல்லா இருந்துச்சு. அழிக்காம இருந்திருக்கலாம்."

எட்டாம் தேதி: "பழைய ட்யூப் லைட்டும் நல்லாத்தான் எரிஞ்சுது."

இருபத்திரண்டாம் தேதி, குப்புராஜைப் பற்றி எழுதிய இடத்தில்: "உங்கள எங்கயும் எறக்கி உக்கார வெக்க மாட்டேன்."

நான் எழுதி மூடி வைத்த பிறகு எடுத்துப் படித்திருக்கிறாள். படித்தது மட்டுமில்லாமல் பதிலும் போட்டிருக்கிறாள். அடுத்தவர் டைரியைப் படிப்பது குற்றம் என்று சொன்னேன்.

"குத்தந்தானுங்க. என்னிக்கு வந்து சண்ட போடுவீங்கன்னு தெனமும் பாத்துட்டிருந்தேன்."

ஜனவரி முழுவதும் அவளை எடுத்து அழித்த படங்களைக் கணக்குப் பார்த்தேன். இதில் எழுதாததையும் சேர்த்து எழுபத்தொன்று. அழிக்காமல் வைத்திருப்பது சம்பூர்ணத்தின் நாற்பத்து மூன்று. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிட வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இஸ்மாயில் கடைக்குப் போனேன். வசந்தாமணியும் வந்தாள். எல்லா மாடலையும் மறுபடி பார்த்தேன். பனி ஒன்றிலும் இல்லை. அவருக்கு மூக்கில் மச்சம் இருக்கிறது, மூன்று கேமராவும் அதைக் காட்டின.

இப்போதுதான் உண்மையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு எல்லாமே மோசம், அதனால் வேலை சுலபமாக இருந்தது. இப்போது எல்லாமே நன்றாக இருக்கின்றன. வசந்தாமணிக்குச் சிவப்பு பிடித்திருக்கிறது, ரவிக்கை நிறமாம். அதைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். வெயிலில் திரை ஒரே வெள்ளை. எனக்கு மட்டுமில்லை, இஸ்மாயிலுக்கும் தெரியவில்லை, கேட்டு உறுதி செய்துகொண்டேன். புதிய மாடல் மூன்றிலும் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை கிடையாது.

பையிலிருந்து என் சோப்பு டப்பாவை எடுத்தேன். ஓட்டையில் வலது கண்ணை வைத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்பு ஜூஸ் பிழிகிறவர், அவர் கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு, எல்லாம் சின்னதாக, அச்சாகத் தெரிந்தன. ஜன்னலில் தலை நீட்டி லைனைப் பார்த்துப் பழகியவன் நான். பார்க்க ஒரு ஓட்டை வேண்டும்.

"பேட்டரி வீக் சார். இருபது படம் தாங்கினா ஜாஸ்தி. இதுக்குப் புது பேட்டரி இப்ப வர்றதில்ல," என்றார் இஸ்மாயில்.

"ஒண்ணு போதும்," என்றேன்.

வசந்தாமணி சிவப்பை மெதுவாகக் கீழே வைத்தாள். "சம்பூர்ணத்தோட பச்சையும் என்னோட பச்சையும் ஒண்ணுதானுங்க, பாத்துக்கங்க," என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

சாயங்காலம் நாலரைக்கு மைதானம் நிறைந்துவிட்டது. சுகந்தியும் கோயமுத்தூரிலிருந்து வந்துவிட்டாள். அவள் போனில் மொத்தக் கும்மியையும் வீடியோ எடுத்தாள். எடுக்கட்டும்.

நான் கேமராவை அணைத்தே வைத்திருந்தேன். தம்பட்டம் அடித்தார்கள், பாட்டு ஆரம்பித்தது, இருநூற்று நாற்பது பச்சையும் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்ந்தன. முதல் பாட்டில் அவளைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டாம் பாட்டிலும் இல்லை. இரண்டாம் வரிசையில் சம்பூர்ணம் என்னைப் பார்த்துச் சிரித்துச் சேலையைச் சரி செய்துகொண்டாள், பாவம். கை வியர்த்துவிட்டது. ஜோலார்பேட்டையிலெல்லாம் எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

நாலாம் பாட்டில் வட்டம் திரும்பியது. உள் வட்டத்தில் ஒருத்தி மற்றவர்களைவிட அரைத் தாளம் முன்னால் கை தட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்த தட்டில் சேர்ந்துகொண்டாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு நரைமுடி. கேமராவைத் திறந்தேன், ஓட்டையில் கண்ணை வைத்தேன். அவள் நிமிர்ந்தாள். ஒரு முறை அழுத்தினேன். இன்னொன்று எடுக்கலாம் என்று அழுத்தும்போது பேட்டரி போய்விட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் சுகந்தி முன் சீட்டில் தூங்கிவிட்டாள். வசந்தாமணி என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கடை போர்டு, ஊர்ப் பெயர், எதிரே வருகிற பஸ் எதையும் அவள் படிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே அவள் படிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகச் சிக்னல் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். நான் ஒன்றைக்கூடத் திரும்பச் சொல்லவில்லை.

அதை அவளிடம் சொன்னேன். பாதிதான் சொன்னேன்.

"அதான் பிரேக்கப் போட்டனுங்களே," என்றாள். "கலியாண மண்டபத்து வாசல்ல."

மார்ச் 10, திங்கள்

காலையில் இஸ்மாயில் கடையில் பிரிண்ட் போட்டு வந்தேன். நாக்கைக் கடித்தபடிதான் விழுந்திருக்கிறாள், கை இரண்டும் தட்டப் போகிற நிலையில் விரிந்திருக்கிறது. அவளிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். வந்து டைரியைத் திறந்தால் இன்றைய தேதிக்குக் கீழே எனக்கு முன்பே பென்சிலில் எழுதியிருக்கிறது:

"போட்டோ நல்லா இருக்குதுங்க."

பார்த்தேன். விதிப்படி திரும்பச் சொல்கிறேன்: போட்டோ நல்லா இருக்குது.